ஆளில்லாத கலயம்

கேளுங்கள், பெரியவர்களும் கேளுங்கள். பிள்ளைகளைவிட உங்களுக்குத்தான் இந்தக் கதை அவசரமாகத் தேவை.

முன்னொரு காலத்தில் ஒரு மலை உச்சியில் நிச்சல முனிவர் என்று ஒருவர் இருந்தார். நிச்சலம் என்றால் அசையாதது. அந்தப் பெயரை அவருக்கு யாரும் வைக்கவில்லை, அவரே வைத்துக்கொண்டார். உலகம் முழுவதும் மனத்துக்குள் இருக்கிறது, நட்சத்திரங்கள்கூட உள்ளேதான் சுழல்கின்றன என்று சொல்வார். கேட்க இனிமையாகத்தான் இருக்கும். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது. ஒருவருக்கு வெளியே நடக்கிற கெடுதல் எல்லாம் அவர் உள்ளே இருக்கும் அழுக்கினால் வருவது என்று ஒரு வாலையும் சேர்த்து ஒட்டினார்.

அவர் மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் எல்லோரும் மண்டபத்தில் வரிசையாக உட்கார வேண்டும். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு மண்கலயம், அதில் விளிம்புவரை தண்ணீர். தண்ணீர் அசையாமல் நின்றால் மனமும் நின்றுவிட்டது என்று பொருள். அசைந்தால் மனத்தில் அழுக்கு, அன்றைக்குச் சோறு கிடையாது. ஆகவே தண்ணீர் அசைந்தவர்கள் வாயைத் திறப்பதில்லை. முந்தானையாலோ மேல்துண்டாலோ கலயத்தை மறைத்துக்கொண்டு சாந்தமாகப் புன்னகை செய்வார்கள்.

அந்த மடத்துக்கு வெண்ணி என்று ஒருத்தி வந்தாள். அடிவாரத்து ஊரில் பாய் முடைகிறவள். அவளுடைய ஒரே மகள் காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். மனம் ஆறவில்லை என்று சொல்லி முனிவரின் காலில் விழுந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "காய்ச்சலை உன் மனம்தான் அழைத்தது. நீ பயந்தாய், அது வந்தது" என்றார்.

பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் சொல்லுகிற சொல்லா அது? அவருக்கு நாக்குக் கூசவில்லை. வெண்ணியோ நம்பிவிட்டாள். பிள்ளை படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அவள் பயந்தது உண்மைதானே. எந்தத் தாய் பயப்படாமல் இருப்பாள்? நான்தான் என் மகளைக் கொன்றேன் என்று எண்ணிக்கொண்டே அவள் தினமும் கலயத்தின் முன்னால் உட்கார்ந்தாள்.

அந்தச் சமயத்தில் முனிவருக்குத் தம் மண்டபம் போதவில்லை. ஆயிரம் பேர் உட்கார இடம் வேண்டுமாம். புதிய தூண்களுக்காக, மண்டபத்துக்கு நேர் கீழே மலையின் கிழக்குச் சரிவைக் குடைந்து கல் எடுத்தார்கள். மழை பிடித்துக்கொண்டதும் வேலையை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள்.

ஒரு காலையில் வெண்ணியின் கலயத்தில் தண்ணீர் நடுங்கியது. மகளை நினைத்ததால்தான் என்று அவள் பட்டினி கிடந்தாள்.

மறுநாளும் நடுங்கியது. மகளின் பெயர்கூட நெஞ்சில் வரக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பெற்ற பிள்ளையின் பெயரை மறக்கச் சொல்வது எந்த ஊர் ஞானம்?

மூன்றாம் நாள் தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிந்தது. வெண்ணி பக்கத்தில் இருந்த பூதனார் என்ற முதியவரிடம், உங்கள் தண்ணீரும் ஆடுகிறதா என்று மெதுவாகக் கேட்டாள். "என் தண்ணி அப்படியே நிக்குதும்மா" என்றார் அவர். ஆனால் அவர் வேட்டி முழங்காலில் ஈரமாக இருந்தது. அதற்கு அடுத்தவர் துண்டும் ஈரம். வரிசை முழுவதும் தரை ஈரமாக இருந்தது.

வெண்ணி எழுந்தாள். ஒரு புதுக் கலயத்தில் தண்ணீர் நிரப்பி, யாரும் இல்லாத மூலையில் வைத்துவிட்டு விலகி நின்றாள். எல்லோரையும் அதைப் பார்க்கச் சொன்னாள். சற்று நேரத்தில் அந்தத் தண்ணீரிலும் வட்டம் வட்டமாக நடுக்கம் ஓடியது.

"சாமி, இந்தக் கலயத்துக்கு முன்னால யாருமே உக்காரலை. இது ஏன் நடுங்குது?"

முனிவர் அசரவில்லை. அவளுடைய கெட்ட மனம் அந்தக் கலயத்தையும் தீண்டிவிட்டது என்றார். அப்போது பூதனார் தலையைக் குனிந்துகொண்டு, "என்னோடதும் ஆடுச்சும்மா. மூணு நாளா ஆடுது" என்றார். எனக்கும் ஆடியது என்றார் இன்னொருவர். அதன்பின் மண்டபமே ஒப்புக்கொண்டது.

"அப்போ ஆடுறது நம்ம மனசு இல்ல, மலை. எழுந்திருங்க" என்றாள் வெண்ணி.

மேற்குப் பாதையில் எல்லோரும் இறங்கி ஓடினார்கள். முனிவர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். வெண்ணியும் பூதனாரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரை இழுத்து வந்தார்கள். அவர்கள் பாதி வழி இறங்குவதற்குள் மடம் மண்டபத்தோடு கிழக்குப் பள்ளத்தில் சரிந்து விழுந்தது.

அடிவாரத்துக்கு வந்ததும் முனிவர் தாடியிலிருந்த சேற்றைத் துடைத்தார். துடைத்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? இவர்கள் சந்தேகப்பட்டதால்தான் மலை சரிந்ததாம். அதைவிடக் கொடுமை, அப்போதும் நாலைந்து பேர் தலையாட்டினார்கள். உயிர் தப்பி வந்த ஈரம் காய்வதற்குள் தலையாட்டினார்கள்.

வெண்ணி அவர் எதிரே போய் நின்றாள். அவர் காலில் விழுந்த நாளில் நடுங்கியதுபோல் இப்போது அவள் குரல் நடுங்கவில்லை.

"மலை சரிஞ்சது நீங்க அடியில கல்லு வெட்டினதால. என் மகளைக் கொண்டுபோனது காய்ச்சல். நான் பயந்தேன், ஏன்னா நான் அவளைப் பெத்தவ."

சொல்லிவிட்டு அங்கேயே சேற்றில் உட்கார்ந்து, மகளின் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதாள். அத்தனை நாளும் அவள் தண்டனைதான் அனுபவித்துக்கொண்டிருந்தாள். மகளுக்காக அழுதது அன்றைக்குத்தான்.

துன்பப்பட்டவர் தலையிலேயே அந்தத் துன்பத்தின் பழியையும் சுமத்துகிறவன், எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து பேசினாலும், குரு அல்ல.