மிதவையில் இரண்டு வெப்பமானிகள்

"என் கருவி பொய் சொல்லல மேடம்," என்றார் தனசிங்.

தனசிங் கப்பல் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். கடலை முறையாகப் படிக்க வேண்டும் என்று அறுபது வயதில் எங்கள் நிலையத்து விஞ்ஞானி ஃபெலிசியாவிடம் சீடராகச் சேர்ந்தார். குருவுக்கு நாற்பது வயது. அவர் இவரை சார் என்பார், இவர் அவரை மேடம் என்பார். எங்கள் கடலோர ஆய்வு நிலையத்தில் குருபக்தி இந்த அளவில்தான் நடந்தது.

"படகெல்லாம் வெறும் வலையோட திரும்பியிருக்கு சார்," என்றார் ஃபெலிசியா.

நடந்தது இதுதான். கரைக்கு அப்பால் மிதவையில் ஒரு பழைய வெப்பமானி பல வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அது காட்டும் கடல் சூட்டைத் தினமும் காலையில் ஊர் மைக்கில் சொல்வோம். தண்ணீர் சட்டென்று குளிர்ந்தால் சாளை மீன் மேலே வரும் என்பது மீனவர் கணக்கு.

தனசிங் சோறு தண்ணி மறந்து ஒரு புதிய வெப்பமானி செய்தார். குரு சென்னைக்குப் போன நேரம் பார்த்து, பழையதைக் கழற்றிவிட்டு அதை மாட்டினார். மறுநாள் கடல் ஒரு டிகிரி குளிர்ந்திருந்தது. ஊரே டீசல் போட்டுக்கொண்டு கிளம்பியது.

"ஊர்த் தலைவர் மிக்கேல் வந்துட்டுப் போனாரு," என்றார் ஃபெலிசியா. " இனிமே மைக்குல ஒண்ணும் சொல்ல வேண்டாமாம்."

தனசிங்கின் முகம் சுண்டிப்போனது. எனக்கே பாவமாக இருந்தது.

"பழசு எங்க சார்?"

"கட்டிலுக்கு அடியில. தூக்கிப் போட மனசு வரல."

"நல்ல வேளை."

படகில் போய்ப் புதியதைக் கழற்றி வந்தார்கள். ஃபெலிசியா ஒரு வாளியில் கடல் தண்ணீர் எடுத்து இரண்டையும் உள்ளே விட்டார்.

பழையது இருபத்தொன்பது காட்டியது. புதியது இருபத்தெட்டு காட்டியது.

சரிபார்க்க வைத்திருக்கும் ஆய்வகத்து வெப்பமானியையும் முக்கினார். இருபத்தெட்டு.

தனசிங் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தீங்களா மேடம். பழசுதான் இத்தனை வருஷமா பொய் சொல்லியிருக்கு."

"ஆமா சார். தினமும் ஒரே பொய். ஒரு நாளும் மாத்திச் சொல்லல."

தனசிங் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்குக் குளிர்ந்தது எது சார்?"

வெளியே யாரோ வலையை உதறிக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான் குளிர வச்சேன்," என்றார் தனசிங். "மைக்குல நானே சொல்லிடறேன்."

மறுநாள் காலையில் சொன்னார். எதையும் மறைக்காமல் முழுசாகச் சொல்லி முடித்தார். பிறகு இருவரும் படகேறி மிதவைக்குப் போனார்கள்.

"ரெண்டையும் ஒரே கயித்துல கட்டுங்க சார். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் சேர்ந்தே தொங்கட்டும். ரெண்டுக்கும் நடுவுல அந்த ஒரு டிகிரி மாறாம இருக்கான்னு பாப்போம். அப்புறம் பழசைக் கழட்டலாம்."

"அதுவரைக்கும் என்னுது சொல்றதை யாரும் கேக்க மாட்டாங்களா?"

"நான் கேப்பேன் சார்."

தனசிங் முடிச்சை இறுக்கினார். கை அப்படியே நின்றது.

"பின்னால இன்னொருத்தர் வந்து, என்னுதும் பொய்தான்னு சொல்வாரு இல்லையா மேடம்?"

"சொல்லணும் சார். அவரையும் இப்படித்தான் காக்க வைப்பேன்."