ஈரத்தோடு சொன்ன தீர்ப்பு

ஒரு காட்டில் மரங்களெல்லாம் உப்புத் தண்ணீரில் முழங்கால் அளவு நின்றுகொண்டிருந்தன. அலையாத்திக் காடு அது. காட்டுக்கு முன்னால் கடல். காட்டுக்குள்ளே வளைந்து வளைந்து போகும் உப்பங்கழி. கடல் கழிக்குள் நுழைகிற வாய்க்கு முகத்துவாரம் என்று பெயர்.

அந்தக் காட்டில் ஒரு நண்டு இருந்தது. வாதாடுவதென்றால் அதற்கு உயிர். "இன்று வெயில் அதிகம்" என்று யாராவது வாய் திறந்தால் போதும். "யாருக்கு அதிகம்? வளைக்குள் இருப்பவருக்கா, வெளியே நிற்பவருக்கா?" என்று பிடித்துக்கொள்ளும். அதைக் கண்டாலே பாதிப் பேர் பக்கவாட்டில் நழுவப் பார்ப்பார்கள். ஆனால் பக்கவாட்டில் ஓடுவதில் நண்டை யார் ஜெயிப்பது?

அப்போது அந்த நண்டின் வயிற்றில் கொத்துக் கொத்தாக முட்டைகள். கழியின் அமைதியான தண்ணீரில்தான் அவை பொரிக்க வேண்டும். வேறு இடம் கிடையாது.

சில மாதங்களாகக் கடலில் நங்கூரமிட்டு நின்ற ஒரு பெரிய கப்பல், ஒரு நாள் காலையில் நகர்ந்து பாறையில் மோதியது. அதன் வயிறு கிழிந்து, உள்ளேயிருந்த கறுப்பு எண்ணெய் குபுகுபுவென்று வெளியே வந்தது. வந்தது நிற்கவில்லை. கரையை நோக்கி மெல்ல ஊர்ந்தது.

கரையோரத்தில் குப்பம் போட்டு மீன் பிடித்துப் பிழைப்பவை நீர்நாய்கள். வழக்கம்போல் ஒரு நீர்நாய் முங்கியது. எழுந்தபோது தார்ப் பீப்பாயில் விழுந்த தேங்காய் போல இருந்தது. தட்டுத்தடுமாறி வீட்டுக்கு வந்தது.

"யாருய்யா நீ? என் வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருக்காரு. அப்புறம் வா" என்று சொல்லி, மனைவி கதவைச் சாத்திவிட்டாள்.

"அடியே, நான்தான்டி!"

"அவருக்கு இவ்வளவு நாத்தம் கிடையாதுய்யா, போ!"

பிடித்து வந்த மீனையும் யாரும் தொடவில்லை. கூழைக்கடா மட்டும் ஆசைப்பட்டு ஒன்றை அலகுப் பையில் போட்டுக்கொண்டு, போட்ட வேகத்தில் துப்பியது. "மீனா இது? விளக்குத் திரி மாதிரி இருக்கு!"

நண்டு வந்து பார்த்தது. அதன் கண்கள் இரண்டும் காம்போடு நிமிர்ந்து நின்றன.

"கடல் போச்சு. கழியாவது தப்பணும்" என்றது. "மதியம் கடல் ஏற்றம் வரும்போது இந்தக் கறுப்பும் சேர்ந்து உள்ளே வந்துடும். வந்தா என் குஞ்சுகளும் இல்லை, உங்க மீனும் இல்லை. கோரைப் புல்லைக் கட்டுக் கட்டாக் கட்டி முகத்துவாரத்தை அடைங்க. இப்பவே!"

"சரிதான், அடைக்கணும்" என்றது கூழைக்கடா. யார் கடைசியாகப் பேசினாலும் அதற்குச் சரிதான்.

"ஆனா முகத்துவாரம் எல்லாருக்கும் பொதுவாச்சே, நண்டக்கா" என்றது நீர்நாய். "நீதிபதி கொக்கையா தீர்ப்புச் சொல்லாம அதுல ஒரு குச்சி நட முடியாது."

"அதுவும் சரிதான்" என்றது கூழைக்கடா.

கொக்குக்குத் தன் வெள்ளையைப் பற்றி அளவில்லாத பெருமை. சேறு படும் என்று தரையில் இறங்காது. தூசி படும் என்று காற்றடிக்கும் பக்கம் திரும்பாது.

அந்தக் காட்டில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. தீர்ப்புச் சொல்பவர் கழியில் தலைமுழுக முங்கி எழுந்து, ஈரம் சொட்டச் சொட்டச் சொல்ல வேண்டும். 'ஈர இறகு சொன்னால் தீர்ப்பு. காய்ந்த இறகு சொன்னால் பேச்சு' என்பார்கள். கொக்கு பதவிக்கு வந்த நாளிலிருந்து இலையில் தேங்கிய பனித்துளியை எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டு ஒப்பேற்றி வந்தது. யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் வழக்கம் எல்லாம் இப்படித்தான் தேயும்.

நீர்நாய் கொக்கைத் தேடிப் போவதற்கு முன்பே அங்கே நரி போய்விட்டது. கப்பலிலிருந்து தினமும் ஒரு சின்னப் படகு கழிக்குள் வரும். அதில் வரும் சமையற்காரன் கோழி எலும்பை வீசுவான். நரி அதைத் தின்று கொழுத்திருந்தது. முகத்துவாரத்தை அடைத்தால் படகு வராது. படகு வராவிட்டால் எலும்பு ஏது?

"கொக்கையா, கீழே இறங்கிடாதீங்க!" என்று நரி குழைந்தது. "உங்க நிறத்துக்கு ஒண்ணு ஆச்சுன்னா காட்டுக்கே அவமானம். உச்சிக் கிளையிலிருந்து பாருங்க. எதையும் மேலிருந்து பார்த்தாத்தான் முழுசாத் தெரியும்."

கொக்கு உச்சிக் கிளையில் நின்று பார்த்தது. எண்ணெய்ப் படலத்தில் வெயில் பட்டு ஊதாவும் பச்சையும் பொன்னுமாக மின்னியது. அலைகூட அடங்கிக் கிடந்தது.

"ஆகா! கடலுக்கு யாரோ பட்டுச் சேலை கட்டிவிட்டது போலல்லவா இருக்கிறது!" என்றது கொக்கு.

"அதைத்தான் அந்த நீர்நாய்க் கூட்டம் அழுக்குன்னு சொல்லுது. ரசனை இல்லாத சனம்!"

சபை கூடியது. ஆமை, நீர்நாய், மீன்கொத்தி, மரக்கிளைகளில் வரிசையாகக் காகங்கள் என்று எல்லோரும் வந்தார்கள். கொக்கு பனித்துளியைத் தலையில் தெளித்துக்கொண்டு தொண்டையைச் செருமியது.

"யாம் நேரில் ஆய்வு செய்தோம். கடலில் இருப்பது ஒரு சிறு கறை. தாமரை இலை அளவுதான். அதனால் தீங்கில்லை. சொல்லப்போனால் அந்த மினுமினுப்பில் குளித்தால் மேனிக்கு நல்லது. எனவே முகத்துவாரத்தை அடைக்கத் தேவை…"

"ஒரு கேள்வி, ஐயா!" என்றது நண்டு.

சபை முழுவதும் பெருமூச்சு விட்டது. "ஆரம்பிச்சுட்டா!" என்றது ஒரு காகம்.

"நேரில் ஆய்வு செய்தோம்னு சொன்னீங்களே, எத்தனை தூரத்து நேர்?"

"உச்சிக் கிளையிலிருந்து."

"அப்போ அது நேர் இல்லையே, மேல் அல்லவா?"

"நண்டக்கா, நீதிபதியிடமே வாயாடுவதா!" என்று நரி சீறியது.

"உன்கிட்டயும் ஒண்ணு கேட்கணும், நரியண்ணா. தண்ணீர் சுத்தம்னா காலையிலிருந்து நீ ஏன் கரையோரத்துல வேருக்கு வேர் தாவித் தாவி நடக்கிறே? நேத்து வரைக்கும் சேத்துல புரண்டவன்தானே நீ?"

எல்லோரும் நரியின் கால்களைப் பார்த்தார்கள். நான்கு கால்களையும் ஒரே வேரில் நெருக்கி வைத்துக்கொண்டு அது ஆடிக்கொண்டிருந்தது.

"அது… எனக்குச் சளி" என்றது நரி.

"சளிதான், சரிதான்" என்றது கூழைக்கடா.

தூரத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது. முகத்துவாரத்தின் வெளி உதட்டில் கறுப்புக் கோடு ஒன்று நெளிவதை நண்டு பார்த்தது. வயிற்றிலிருந்த முட்டைகளைக் காலால் ஒருமுறை தொட்டுக்கொண்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, பணிவாகப் பேசியது. நண்டு பணிவாகப் பேசினால் பயப்பட வேண்டும் என்பது கொக்குக்குத் தெரியவில்லை.

"ஐயா, உங்க தீர்ப்புக்கு நான் கட்டுப்படுறேன். மறுபேச்சே பேச மாட்டேன்."

"பேசவே மாட்டாயா?" கொக்கின் கண்கள் விரிந்தன. காட்டில் எல்லோருக்கும் அது கனவு.

"பேசவே மாட்டேன். ஆனா தீர்ப்பு தீர்ப்பா இருக்கணும். ஈர இறகோட சொல்லுங்க. அதோ முகத்துவாரத்துல, அந்தப் பட்டுச் சேலையிலேயே ஒரு முங்கு. மேனிக்கு நல்லதுன்னு நீங்களே சொன்னீங்க."

"முங்கணும்!" என்றன நீர்நாய்கள். "முங்கணும்! முங்கணும்!" என்றன காகங்கள். அவற்றுக்கு வேடிக்கை வேண்டும். "சரிதான், முங்கணும்" என்றது கூழைக்கடா.

"வேண்டாம் ஐயா, தெளிச்சாப் போதும்!" என்று நரி பதறியது.

"ஏன் வேண்டாம்? சின்னக் கறைதானே?" என்றது நண்டு.

கொக்கு யோசித்தது. மறுத்தால் சொன்னது பொய் என்றாகும். முங்கினால் மேனி மினுமினுக்கும், நண்டின் வாயும் மூடும். கழுத்தை நிமிர்த்திப் பறந்து போய், கண்ணை மூடி, முங்கியது.

குளுக்!

எழுந்தது. வெள்ளை என்று சொல்ல ஓர் இறகு நுனிகூட மிஞ்சவில்லை.

"வாங்க மாமா! எப்ப ஊர்லேருந்து வந்தீங்க?" என்று காகங்கள் கூட்டமாக வரவேற்றன. "கழுத்து மட்டும் ஏன் இப்படி நீண்டு போச்சு?"

"நான் காக்கை இல்லையடா, கொக்கு! நீதிபதி!"

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க" என்றாள் நீர்நாயின் மனைவி.

கொக்கு இறக்கையை விரிக்கப் பார்த்தது. ஒட்டிக்கொண்டது. கண் எரிந்தது. தொண்டை கமறியது. நரி வேரில் நின்றபடியே, "ஒண்ணுமில்லை ஐயா, சின்னக் கறை…" என்று இழுத்தது.

"சின்னக் கறையா?" கொக்கு அலறிய அலறலில் கிளையிலிருந்த மீன்கொத்தி தவறி விழுந்தது. "என் இறகு! என் கண்! அடையுங்கள்! உடனே அடையுங்கள்!"

"எதை அடைக்கணும்னு தெளிவாச் சொன்னீங்கன்னா…" என்று ஆரம்பித்தது நண்டு.

"முகத்துவாரத்தை, தாயே! முகத்துவாரத்தை!"

தீர்ப்பு ஈரமாகத்தான் வந்தது. சொட்டச் சொட்ட வந்தது. அடுத்த நொடி நீர்நாய்கள் கோரையை அறுத்தன. ஆமை இழுத்தது. நண்டுகள் இடுக்கியால் இறுக்கி முடிச்சுப் போட்டன. கட்டுகள் மிதக்க, ஏற்றம் வந்து அவற்றின்மேல் முட்டியது. கோரை கறுத்தது. கழி கறுக்கவில்லை.

கொக்கைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டியிருந்தது. கூழைக்கடா குளத்துக்கும் கரைக்குமாகப் பறந்து அலகுப் பை நிறையக் கொண்டுவந்தது. பை நிறையத் தண்ணீர் இருந்ததால் வாழ்நாளில் முதல்முறையாக அது யாருக்கும் 'சரிதான்' சொல்லவில்லை. நீர்நாய்கள் பூந்திக்கொட்டையை நுரைத்துத் தேய்த்தன. தேய்க்கத் தேய்க்கக் கொக்கு இன்னொரு தீர்ப்பும் சொன்னது: "கடலோர வேர்களில் ஒட்டியதை நரி தன் வாலால் துடைக்கட்டும். சின்னக் கறைதானே!"

உடைந்த கப்பலை வேறொரு கப்பல் வந்து இழுத்துக்கொண்டு போனது. எலும்பும் அதோடு போனது. எண்ணெய் மட்டும் போகவில்லை. மழைக்காலம் முடியும் வரை நீர்நாய்கள் கடலில் இறங்க முடியவில்லை. கழி மீனைக் காடே பங்குபோட்டு அரை வயிறு தின்றது.

கழியில் நண்டின் குஞ்சுகள் பொரித்தன. ஆயிரமோ, அதற்கும் மேலோ. எல்லாம் அம்மாவைப் போல.

கொக்கு மறுபடி வெளுத்தது, வாலில் ஓர் இறகைத் தவிர. அதன் பிறகு எந்த வழக்கு வந்தாலும் அது முதலில் தண்ணீரில்தான் இறங்கியது. எழுந்து வாயைத் திறப்பதற்குள் கரையெல்லாம் குட்டி நண்டுகள் கூடிவிடும்.

"ஐயா, முங்கினீங்களா?"

"முங்கினேன்."

"தலையோடா, தலை இல்லாமலா?"

கொக்கு பெருமூச்சு விட்டு இன்னொரு முறை முங்கும்.

நீதி: பிறர்மேல் பட்ட கறை சிறிதாகத் தெரிந்தால், தீர்ப்புச் சொல்லும் முன் அதே தண்ணீரில் நீயும் ஒருமுறை முங்கி எழு.