நகம் பட்டதும் முள் பட்டதும்

முன்னொரு காலத்தில், மலைகளுக்கெல்லாம் இன்னும் யாரும் பெயர் வைத்து முடிக்காத நாளில், சித்திரவர்மன் என்ற ராஜாவின் நாட்டில் நுரையாறு என்று ஓர் ஆறு ஓடியது. கதை சொல்கிறவர்கள் இப்படிப்பட்ட இடங்களை ஏழு மலை ஏழு கடலுக்கு அப்பால் வைப்பது வழக்கம். நியாயமாக எண்ணினால் இதற்கு மூன்று மலைதான். கடலும் ஒன்றுதான், அதுவும் ஆறு போய் விழுகிற கடல்.

அந்தக் கடலிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை, மலையில் முதல் மழை விழுந்ததும், ஏறுமீன்கள் முட்டையிட ஆற்றை எதிர்த்து மேலே வரும். வழியில் மூன்று படியாக விழும் அருவி. முதல் படியைத் தாவும். இரண்டாம் படியைத் தாவும். மூன்றாம் படியைத் தாவும்போது பாதி மீன் கரடி வாயில் விழும். கரடி என்பது கரையானும் தேனும் தின்கிற பிராணி என்று படித்தவர்கள் சொல்வார்கள். சரிதான். நுரையாற்றுக் கரடிகள் அந்தப் புத்தகங்களைப் படிக்கவில்லை.

அருவியடியில் மடுவூர். அங்கே வலை கிடையாது, எல்லாரும் தூண்டில்காரர்கள். ஒரே ஆற்றில் ஒரே மீனுக்குக் கரடியும் மனிதனும் நின்றால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகவில்லை. ஏனென்றால் அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. மீன் ஏறத் தொடங்கும் நாளில் தூண்டில்காரர்கள் தட்டைப்பாறையில் வரிசையாக உட்கார்ந்து வலது கையைத் தண்ணீரில் நனைப்பார்கள். எதிர்க்கரையில் கரடிகளும் நனைக்கும். பிறகு மனிதர்கள் வாய்விட்டுச் சொல்வார்கள்:

"நகம் பட்டது கரடிக்கு. முள் பட்டது மனிதனுக்கு."

கரடிகள் உறுமும். அவற்றுக்குப் பேசவும் தெரியும். ஆனால் மீன் காலத்தில் வாய் நிறைய மீன், மற்றக் காலத்தில் பேசும்படி ஒன்றும் நடப்பதில்லை. நனைத்த கையை ஆறு மறக்காது என்று மடுவூரில் சொல்லிக்கொள்வார்கள். அதைச் சோதித்துப் பார்க்க அதுவரை ஒருவனுக்கும் அவசியம் வரவில்லை.

அவசியம் வந்தவன் மருதையன்.

மருதையன் சாமானியத் தூண்டில்காரன் இல்லை. வருஷத்தின் முதல் மீனை அரண்மனைக்குக் கொண்டுபோகிறவனுக்கு ராஜா சிவப்புத் தலைப்பாகை கட்டுவார். ஏழு வருஷமாக அது மருதையன் தலையில்தான் இருந்தது. தூங்கும்போது மட்டும் கழற்றுவான் என்று ஊரில் பேச்சு. அதுவும் பொய், தூங்கும்போதும் கழற்ற மாட்டான் என்று அவன் மனைவி காவாயி சொன்னாள்.

எட்டாம் வருஷம் மீன் ஏறத் தொடங்கியது. முதல் நாள் மருதையன் தூண்டில் போட்டான், தக்கை அசையவில்லை. இரண்டாம் நாள் போட்டான்; அசையவில்லை. ஊரில் வேறு யாருக்கும் அதுவரை முதல் மீன் மாட்டவில்லை. பக்கத்துப் பாறையில் நின்ற உடையான், மருதையனின் தங்கை வீட்டுக்காரன், தன் தூண்டிலைவிட மச்சானின் தூண்டிலையே அதிகம் கவனித்துக்கொண்டிருந்தான்.

"என்ன மச்சான், உங்க புழு இன்னிக்கு விரதமா? யாரையும் கிட்டவே சேர்க்க மாட்டேங்குதே."

"உன் தக்கையைப் பாருடா. அது தூங்குது."

"என் தக்கை எட்டு வருஷமா தூங்குது மச்சான். அதுக்குப் பழக்கம். உங்களுக்குத்தான் புதுசு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மருதையனுக்கு அந்தச் சிரிப்பு தலைப்பாகைக்குள் புகுந்த எறும்பு மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் விடிந்ததும் அவன் மட்டும் தனியாக மூன்றாம் படிக்கே ஏறிப் போனான். அங்கே பிறைமார்பி நின்றிருந்தாள். கரடிகளுக்கெல்லாம் மூத்தவள், நெஞ்சில் வெள்ளையாக ஒரு பிறை. அவள் கை வீசினாள். ஆள் உயரத்தில் பாதி இருக்கும் ஒரு மீனைக் கவ்விப் பாறைமேல் போட்டாள். அடுத்ததைப் பிடிக்கத் திரும்பினாள்.

மருதையன் இடது பக்கம் பார்த்தான். வலது பக்கம் பார்த்தான். ஒருவரும் இல்லை. மீனைத் தூக்கினான். ஓடினான்.

புதருக்குப் பின்னால் உட்கார்ந்து, செத்த மீனின் உதட்டில் தன் தூண்டில் முள்ளைக் குத்தி இழுத்து ஓர் ஓட்டை போட்டான். முடிந்தது வேலை என்று நினைத்தான். மீனின் முதுகில் நாலு பல் பதிந்திருந்ததை அவன் பார்க்கவில்லை.

உடையான் பார்த்தான். கீழே பாதையில் தூண்டில்காரர்கள் கூடி, "அடேயப்பா, எவ்வளவு பெரிசு!" என்று வாய்பிளந்து நின்றபோது அவன் குனிந்து கேட்டான்:

"மச்சான், முதுகுல இது என்ன பல்லு?"

மருதையன் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் இந்தக் கதை இல்லை. "முள் பட்ட மீனைக் கரடி பறிக்கப் பார்த்துச்சு. நான் விடலை!" என்று உரக்கச் சொன்னான்.

எல்லாரும் அருவிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். கரடி ஒப்பந்தத்தை மீறியதா? மருதையனின் வலது கையில் ஏதோ குறுகுறுத்தது. பார்த்தான். விரலிலிருந்து மணிக்கட்டு வரை கறுகறுவென்று முடி. சட்டென்று கையைத் துண்டுக்குள் மறைத்தான்.

வீட்டில் காவாயி மீனைக் கழுவினாள். உதட்டைத் தடவிப் பார்த்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்க, முள் குத்தின இடத்துல ரத்தமே கட்டலையே?"

"ஆத்துத் தண்ணியில போயிருக்கும்."

"உசிரோட இருக்கும்போது குத்தினா சதை சிவந்திருக்கும். இது வெளுத்துக் கெடக்கு."

"முள்ளுல பிடிச்ச மீனுதான் புள்ள. எனக்கே பாடம் சொல்றியா?"

காவாயி மீனைக் கூடையில் வைத்து மூடினாள். முடி முழங்கை வரை ஏறியது.

அரண்மனையில் ராஜா கேட்டார்: "எந்தக் கரடி பறிக்க வந்தது?"

சபை முழுவதும் அவனையே பார்த்தது. யாரோ ஒரு கரடி என்று சொல்லியிருக்கலாம். அடையாளம் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் சொல்லத் தொடங்கியவனுக்கு விவரம் சொல்லும் ஆசை வந்துவிடும். "பிறைமார்பி, மகாராஜா!" என்றான், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. துண்டுக்குள் முடி தோள் வரை ஏறியது. விரல்நுனியில் ஐந்து நகங்கள் வளைந்து வளர்ந்தன.

ராஜா தலைப்பாகையைக் கட்டினார். மீனைச் சமைக்கச் சொன்னார். ஏப்பம் விட்டபின் ஆணையிட்டார்: "இன்றிலிருந்து மூன்றாம் நாள், ஈட்டியும் முரசுமாகப் போய்க் கரடிகளை மலைக்கு அப்பால் விரட்டுங்கள். பிறைமார்பியைக் கொல்லுங்கள். அருவியின் கீழ்ப்படியில் வலை கட்டுங்கள்."

மருதையன் இதை எதிர்பார்க்கவில்லை. அவன் எதிர்பார்த்ததெல்லாம் தலைப்பாகை மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து முடியைச் சிரைத்துப் பார்த்தான். இரண்டு மடங்காக முளைத்தது. சுண்ணாம்பு பூசிப் பார்த்தான். வெள்ளைக் கரடிக் கை ஆனது. போர்வையைச் சுற்றிக்கொண்டு, "குளிருது" என்றான். அது வியர்த்துக் கொட்டும் வெயில். சாப்பிட உட்கார்ந்தால் வலது கை தானாகவே தேன்சட்டிக்குள் போனது. காவாயி பார்த்தும் பாராதவள்போல் இருந்தாள். அதுதான் அவனைக் கொன்றது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பான்.

மறுநாள் காலை அவன் மூன்றாம் படிக்குப் போனான். பிறைமார்பி அதே பாறையில் உட்கார்ந்திருந்தாள். அவன் கால் மேலே போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே, "தாயே!" என்றான்.

"வா. மீன் ருசியா இருந்துச்சா?" என்று பிறைமார்பி கேட்டாள்.

"நான் தின்னலை தாயே. ராஜா தின்னுட்டாரு."

"அப்ப உனக்கு மீனும் கிடைக்கலை."

மருதையன் பாறையைப் பார்த்தபடி பேசினான். "நாளை மறுநாள் ஆளுங்க வர்றாங்க. நீங்க எல்லாரும் கொஞ்ச நாளைக்கு மேல காட்டுக்குப் போயிடுங்களேன். உயிராவது மிஞ்சும்."

"மீன் ஏறுறது வருஷத்துக்குப் பத்தே நாள். இதைத் தின்னுதான் குளிர்காலத்துல குட்டி போடுறோம். என் வயித்துலயும் ஒண்ணு இருக்கு. போயிட்டா அது பிறக்காது." கோபமில்லாமல்தான் சொன்னாள். "ஏழு வருஷமா உன் தூண்டில் அறுந்து எத்தனை மீன் என் காலடியில விழுந்திருக்கு, தெரியுமா? உதட்டுல முள்ளைப் பார்ப்பேன். உன் பக்கம் தள்ளிவிடுவேன். ஆறு கொண்டுவந்து குடுத்துச்சுன்னு நீ சந்தோஷமா எடுத்துக்கிட்டுப் போவே."

மருதையனுக்குத் தலை தானாகவே தொங்கியது. தலைப்பாகை அன்றைக்கு ஒரு மூட்டை அரிசி கனம் கனத்தது.

"இந்தக் கையை எடுத்துக்கோ தாயே. எனக்கு வேண்டாம்."

"எனக்கு எதுக்கு? ஏற்கெனவே நாலு இருக்கு," என்றாள் பிறைமார்பி. "இது நான் வச்ச மாயம் இல்லை. நீ கை நனைச்ச தண்ணி வச்சது. மூணு தடவை பொய் சொன்னே. அதைக் கேட்ட அதே ஆளுங்ககிட்ட, எவ்வளவு சத்தமா பொய்யைச் சொன்னியோ அவ்வளவு சத்தமா நிஜத்தைச் சொல்லு. முணுமுணுத்தா ஆத்துக்குக் காது கேக்காது."

அவன் வீட்டுக்குப் போனான். காவாயி உலை வைத்துக்கொண்டிருந்தாள். போர்வையை எடுத்தான். "அது கரடியோட மீனு. நான் திருடிட்டு வந்தேன்," என்றான்.

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"கழுவும்போதே தெரியும். நீங்க சொல்லுவீங்களான்னுதான் தெரியாம இருந்துச்சு."

முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே முடி உதிர்ந்தது. அந்தப் பகுதி மட்டுந்தான், அளந்து எடுத்த மாதிரி. மேலேயும் கீழேயும் கறுப்பு, நடுவில் தோல். காவாயிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

மறுநாள் தூண்டில்காரர்கள் கூடும் பாதையில் சொன்னான். உடையான் கேலி செய்வான் என்று எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். கேலி வரவில்லை. கண்ணைத் திறந்தான். உடையான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "நானும் ரெண்டு நாளா உங்களை ரொம்பக் கிண்டினேன் மச்சான்," என்று மட்டும் சொன்னான். விரல்களில் முடி உதிர்ந்தது. நகங்கள் போகவில்லை. தோளிலும் முடி அப்படியே இருந்தது.

அன்றைக்கே அரண்மனைக்கு ஓடினான். ராஜா படையுடன் புறப்பட்டுவிட்டார் என்று வாசற்காவலன் சொன்னான். திரும்பி ஓடினான். மூன்றாம் நாள் காலை அவன் ஆற்றுக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. யானைமேல் ராஜா. கரையெல்லாம் ஈட்டி. கீழ்ப்படியில் வலையின் ஒரு முனை கட்டியாயிற்று. மேலே மூன்றாம் படியில் கரடிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. பிறைமார்பி முன்னால் நின்றாள்.

மருதையன் தட்டைப்பாறையில் ஏறினான். "மகாராஜா, நான் சொன்னது பொய்!" என்று கத்தினான். முரசு முழங்கியது, யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை தொண்டை கிழியக் கத்தினான். முரசு முழங்கியது, யாருக்கும் கேட்கவில்லை. மூன்றாம் தடவை அவன் கத்தவில்லை. இறங்கி ஓடினான், போர்வையை வீசினான், ஐந்து நகங்களாலும் முரசின் தோலைக் கிழித்தான்.

அத்தனை சத்தமும் அடங்கியது. ஆறு மட்டும் கேட்டது. எல்லாரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். மறைத்துக்கொள்ள வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. அவன் அதை உயர்த்திப் பிடித்தான்.

"நகம் பட்டது கரடிக்கு. முள் பட்டது மனிதனுக்கு. அது நகம் பட்ட மீன், மகாராஜா! பிறைமார்பி பறிக்க வரலை. நான்தான் அவகிட்டேயிருந்து திருடினேன்!"

தோளிலிருந்து முடி ஈர இலைபோல் கொத்துக்கொத்தாக விழுந்தது. ஐந்து நகங்களும் ஒவ்வொன்றாகப் பாறையில் தெறித்து ஆற்றுக்குள் போயின. அங்கே நின்றது ஒரு சாதாரண மனிதக் கை.

ராஜா மெதுவாகக் கேட்டார்: "அப்படியென்றால் நாம் தின்றது?"

"கரடி வாயிலிருந்து வந்தது, மகாராஜா."

ராஜா தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். நடுவில் ஒரே ஒரு கறுப்பு முடி. மந்திரி மேகத்தைப் பார்த்தார். தளபதி குதிரையின் காதைப் பார்த்தார். யாருமே ராஜாவின் கையைப் பார்க்கவில்லை, நாகரிகம் தெரிந்தவர்கள். ராஜா கையை மூடிக்கொண்டார். அப்புறம் அவரே யானையைவிட்டு இறங்கி, தட்டைப்பாறையில் உட்கார்ந்து கையை ஆற்றில் நனைத்தார்.

"ஒருவன் பேச்சைக் கேட்டு விசாரிக்காமல் ஆணையிட்டோம். வலையை அவிழ்த்துவிடுங்கள்," என்றார். கடைசி ஈட்டிக்காரனுக்கும் கேட்கும்படிதான் சொன்னார். அந்த ஒற்றை முடி மிதந்து போனது.

சிவப்புத் தலைப்பாகை அந்த வருஷம் உடையானுக்குப் போனது. அவன் தக்கை விழித்துக்கொண்டுவிட்டது. மருதையன் தூண்டிலைக் கூரையில் செருகிவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்தான். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். பத்தாம் நாள், மீன் ஏறும் கடைசி நாள், காவாயி தூண்டிலை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"எனக்கு வெட்கமா இருக்கு புள்ள."

"இருக்கட்டும். வெட்கப்பட்டுக்கிட்டே மீனும் பிடிக்கலாம்."

அவன் போனான். ஒதுக்கமான ஒரு பாறையில் நின்று முள்ளை வீசினான். சாயங்காலம் வரை ஒன்றுமில்லை. பிறகு ஒரு பெரிய மீன் பட்டது. இழுத்தான். மீன் தாவியது, கயிறு அறுந்தது, மீன் மேலே போய் ஒரு பாறையில் விழுந்தது. பிறைமார்பியின் காலடியில்.

மீன் ஏறும் காலம் அதோடு முடிகிறது. இனி அடுத்த மழைக்குத்தான். அவள் வயிற்றில் குட்டி. மருதையன் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் குனிந்து மோந்தாள். மீனின் உதட்டில் முள் மின்னியது. மூக்கால் ஒரு தள்ளு தள்ளினாள்; மீன் பாறையில் வழுக்கிக்கொண்டு அவன் பக்கம் வந்து நின்றது. அவள் திரும்பித் தண்ணீரில் கை வீசினாள். இந்தத் தடவை அவளுக்கும் ஒன்று மாட்டியது.

மருதையன் இரண்டு கையாலும் மீனை எடுத்தான். முள்ளைக் கழற்றினான். உதட்டில் ரத்தம் கட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். நிமிர்ந்து பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் தலைக்குமேல் கனமும் இல்லை.

அடுத்த வருஷம் முதல் மழை விழுந்ததும் எல்லாரும் கை நனைத்தார்கள். வாசகத்தை முதலில் சொல்ல வேண்டியவன் மருதையன் என்று ஊரே சொல்லிவிட்டது. அவனைவிட அதை நன்றாகத் தெரிந்தவன் இல்லையாம். எதிர்க்கரையில் பெரிய கை ஒன்றின் பக்கத்தில், தண்ணீர் சில்லென்று இருந்ததால் ஒரு சின்னக் கை நனைவதும் வெளியே வருவதுமாக இருந்தது.

மீன் மேலே ஏறியது, தண்ணீர் கீழே இறங்கியது, கதை இதோடு கரை சேர்ந்தது.