கனம் பொருந்திய வண்டி

கொண்டமராயர் என்று ஒரு ராஜா. ஆள் நல்ல வாட்டசாட்டம். அவர் உட்கார்ந்தால் சிம்மாசனம் முனகும், எழுந்தால் பெருமூச்சு விடும். ஆனால் அவர் எடையைப் பற்றி எவனாவது வாயைத் திறந்தால் தீர்ந்தது, அன்றோடு அவனுக்கு உத்தியோகம் போச்சு. அதனால் சபையில் யார் பேச ஆரம்பித்தாலும் "கனம் பொருந்திய மகாராஜா" என்று ஒரு கும்பிடு போடுவார்கள். அந்தக் கனத்தை அதோடு மறந்துவிடுவார்கள்.

அந்தச் சபையில் விகடம் பேசிப் பிழைத்தவன் ஆதிமூலம். அவனுக்கு இருந்த சொத்தெல்லாம் ஒரு வண்டி, மயிலை, செவலை என்று ஒரு ஜோடி மாடு. வீட்டில் கஞ்சி என்றாலும் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை தவறாது. எதைப் பற்றியும் கேலி பேசுவான், அந்த மாடுகளைப் பற்றி மட்டும் பேசமாட்டான். அவ்வளவு உயிர்.

போன கோடையில் மலைக்குப் போன ராஜா, கூடாரம் ஒழுகி ராத்திரியெல்லாம் நனைந்துவிட்டார். இந்த வருஷம் கறாராகச் சொல்லிவிட்டார்.

"நம் படுக்கையறை நம்மோடு வர வேண்டும். வண்டிமேல்!"

"ஆகட்டும்" என்றார் பிரதானி கோதண்டம். தேக்கிலே ஓர் அறை செய்ய வைத்தார். ஜன்னல், நிலைக்கண்ணாடி, பித்தளைக் குமிழ். போதாததற்குக் கூரைமேல் கலசம் வேறு! ராஜா தூங்கப் போகிறாரா, கும்பாபிஷேகம் நடத்தப் போகிறாரா?

"எந்த வண்டியில் ஏற்றலாம்?" என்று கேட்டார் ராஜா.

"ஆதிமூலத்தின் வண்டிதான் தோது, கனம் பொருந்திய மகாராஜா."

கோதண்டத்துக்கு ஒரு பழைய கடுப்பு. அவர் புதுசாகக் கட்டிவந்த பெரிய தலைப்பாகையைப் பார்த்து, "உள்ளே யாராவது இருக்கிறீர்களா?" என்று சபை நடுவில் ஆதிமூலம் கேட்டுத் தொலைத்திருந்தான்.

ஆதிமூலம் முன்னால் வந்தான். "பிரதானியாரே, என் வண்டி தாங்குவது நாலு பாரம். அறை எவ்வளவு?"

"மூணேமுக்கால். வெறும் அறைதானே! இன்னும் கால் பாரம் மிச்சம்."

"வெறும் அறையையா நிறுத்தீர்?"

"பின்னே, அறையை நிறுக்காமல் ஆகாசத்தையா நிறுப்பார்கள்?"

சபை சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் கோதண்டம் ராஜாவின் காதில் ஏதோ ஓதினார். ராஜா தலையாட்டினார்.

"ஆதிமூலம், வழியில் அச்சு முறிந்தால் உன் மாடு இரண்டும் அரண்மனைக்குச் சொந்தம். தெரிந்ததா?"

மயிலையும் செவலையும் கோதண்டத்தின் ஆட்களிடம் அடிபடுவதை நினைத்தால் ஆதிமூலத்துக்கு அழுகையே வந்தது. ஆனாலும் குனிந்து கும்பிட்டான்.

"உத்தரவு மகாராஜா. ஆனால் நாலு பாரத்துக்குமேல் ஒரு பிடி உமிகூட ஏறக்கூடாது என்று தாங்களே ஆணையிட வேண்டும்."

"இவ்வளவுதானா? ஆணையிட்டோம்!"

புறப்படும் நாள் வந்தது. அரண்மனை வாசலில் மேளம், தாளம், ஏகக் கூட்டம். வண்டிமேல் அறை பளபளவென்று நின்றது. பக்கத்தில் ஆதிமூலம் ஒரு பெரிய தராசைக் கட்டித் தொங்கவிட்டிருந்தான்.

தண்ணீர் அண்டாவைத் தூக்கி வந்தார்கள். நிறுத்துப் பார்த்தான். "கால் பாரத்துக்கு மேல். எடுத்துப் போங்கள்." கட்டில் வந்தது, திரும்பிப் போனது. ஊறுகாய் ஜாடிகளோடு சமையல்காரர் வந்தார். அவரையும் தராசில் ஏற்றி, இறக்கி, அனுப்பிவிட்டான்.

கோதண்டம் குதித்தார். "மெத்தையாவது ஏற்றடா! அது கால் பாரத்துக்குள்தானே?"

"அதை ஏற்றிவிட்டால் மகாராஜாவுக்கு இடம்?"

அந்நேரம் ராஜாவே வந்து படியில் ஒரு காலை வைத்தார். அச்சு கிறீச்சென்றது. மயிலை மிரண்டு பின்வாங்கியது. ஆதிமூலம் ஓடிவந்து காலில் விழுந்தான்.

"மகாராஜா, மிச்சம் கால் பாரம்தான். தாங்கள் அதற்குள் அடங்குவீர்களா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. நிறுத்துக் கணக்குப் பார்த்தவர் பிரதானிதான். அவரே சொல்லட்டும்."

கோதண்டத்துக்கு வேர்த்துக் கொட்டியது. அடங்கும் என்றால் அச்சு முறிந்து ராஜா விழுவார், பழி தம் தலையில். அடங்காது என்றால் உத்தியோகம் போகும்.

"சொல்லுமய்யா!" என்றார் ராஜா. "நாம் எவ்வளவு?"

"ம... மகாராஜா பூ மாதிரி!"

"ஆகா!" என்று கைதட்டி எழுந்தான் ஆதிமூலம். "அப்படியானால் கவலையில்லை. என் மாட்டுக்குப் பதிலாகப் பிரதானியார் தம் மாடுகளைப் பிணையாகக் கட்டட்டும். பூ தாராளமாக ஏறட்டும்!"

கோதண்டத்தின் தொழுவத்தில் பன்னிரண்டு ஜோடி. அவர் பதறிப்போய்ப் படியை மறித்தார். "வேண்டாம் மகாராஜா, ஏறாதீர்கள்!"

ராஜாவின் மீசை துடித்தது. "அப்படியா! அப்போது நாம் கனம் என்கிறீர்?"

பிரதானி தலைப்பாகையைச் சரிசெய்ய ஆரம்பித்தார். ராஜா ஆதிமூலத்தின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லடா. நாம் கனமா?"

ஆதிமூலம் நிதானமாகக் கும்பிட்டான்.

"கனம் பொருந்திய மகாராஜா என்றுதானே தினமும் சொல்கிறோம்? கனத்தில் ஒரு குறையும் இல்லை மகாராஜா. இந்த வண்டியில்தான் பொருந்தவில்லை!"

முதலில் ராஜாவின் தொப்பை குலுங்கியது. அப்புறம் தோள் குலுங்கியது. கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"இறக்குங்கள் அறையை! வைக்கோலைப் பரப்பி, கூண்டு கட்டுங்கள், அது போதும். ஆதிமூலம், உன் மாடு உனக்கே. அவற்றின் ஆயுசுக்கும் அரண்மனைப் பருத்திக்கொட்டை!"

"அறையை என்ன செய்வது மகாராஜா?" என்று ஈனசுரத்தில் கேட்டார் கோதண்டம்.

"செய்தவர் நீர்தானே? உம்முடைய ஆட்களோடு நீரும் தோள் கொடுத்து, உம் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போமய்யா."

வண்டி ஜல்ஜல்லென்று கிளம்பியது. வைக்கோல்மேல் ராஜா சாய்ந்திருந்தார். எதிரே தெருவில் அறையின் ஒரு மூலைக்கு அடியில் தலைப்பாகை நசுங்கி, முழி பிதுங்கி, முக்கி முனகிக்கொண்டு கோதண்டம் போய்க்கொண்டிருந்தார்.

ஆதிமூலம் மாட்டை ஒரு நிமிஷம் நிறுத்தினான்.

"என்ன பிரதானியாரே, இந்த முக்கு முக்குகிறீர்? வெறும் அறைதானே!"