ஒச்சப்பன் காட்டெருமை பார்க்கப் போனது

நொச்சிப்பட்டி ஒச்சப்பனின் எருமை காணாமல் போய் மூன்று நாளாகிவிட்டது. காட்டில் மேயவிட்டு, வேலமரத்தடியில் தூங்கிப்போனது அவன்தான். "எருமை இல்லாம வாசப்படி மிதிக்காதீங்க" என்று பெண்டாட்டி பேச்சியம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவன் வாசப்படியை மிதிக்காமல், தாண்டித்தான் வீட்டுக்குள் போய் வந்துகொண்டிருந்தான்.

தன் புத்தியின்மேல் ஒச்சப்பனுக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. மச்சினன் காத்தமுத்துவையும் பக்கத்து வீட்டுச் சீனியப்பனையும் பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் வரும்.

டீக்கடையில் ஒருவர் பேப்பர் படித்தார். பட்டணத்துப் பூங்காவில் ஐந்து காட்டெருமைகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்களாம்.

"மச்சான், நம்ம எருமை தொலைஞ்சது காட்டுலதானே?" என்றான் காத்தமுத்து.

"ஆமா."

"அப்ப அது காட்டெருமைதானே?"

இது தனக்குத் தோன்றவில்லையே என்று ஒச்சப்பனுக்கு வெட்கமாக இருந்தது. மூவரும் அடுத்த பஸ்ஸில் ஏறினார்கள்.

பூங்காவில் வேலிக்கு அந்தப் பக்கம் ஐந்தும் நின்றன. ஒவ்வொன்றும் லாரி மாதிரி. முழங்காலுக்குக் கீழே வெள்ளை வெளேரென்று இருந்தது.

"சாக்ஸ் போட்டிருக்கே அண்ணே," என்றான் சீனியப்பன்.

"பட்டணத்துல வெறுங்காலோட விடுவாங்களா?" என்ற ஒச்சப்பன், வேலியோரமாகப் போய்க் குரல் கொடுத்தான். "ஏ கருவாச்சி."

இருப்பதிலேயே பெரியது மெதுவாகத் திரும்பி, அவனுக்கு முதுகைக் காட்டியது. ஒச்சப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நம்மளுதேதான் மாப்ள. ஆறு வருஷமா நான் கூப்பிட்டா இப்படித்தான் திரும்பிக்கும்."

அப்போது தூரத்திலிருந்து காவலாளி கத்தினார். "யோவ், மஞ்சக் கோட்டைத் தாண்டாதீங்க!"

மூவரும் குனிந்து பார்த்தார்கள். கோடு அவர்களுக்குப் பின்னால் இருந்தது.

"தாண்டிட்டமே மச்சான்."

"அது அவர் சொல்றதுக்கு முன்னாடி. இனிமே தாண்டினாத்தான் தப்பு."

"அப்ப ஊருக்கு எப்படிப் போறது?"

"வேலி ஏறி அந்தப் பக்கமா போயிரலாம்," என்றான் சீனியப்பன். பெரியது ஒரு மூச்சு விட்டது. சீனியப்பன் தன் யோசனையை வாபஸ் வாங்கிக்கொண்டான்.

காவலாளி ஓடிவந்து, இந்தப் பக்கம் வரச்சொல்லிக் கெஞ்சினார்.

"நீங்கதானே தாண்டக் கூடாதுன்னீங்க?" என்றான் ஒச்சப்பன் மரியாதையாக. "என் பேச்சை என் வீட்டுலயே யாரும் கேக்கறதில்ல. உங்க பேச்சையாவது நாங்க கேக்கறோமே."

காவலாளி, மஞ்சள் பொடியில் போட்டிருந்த அந்தக் கோட்டில் இரண்டடி நீளத்தைப் பூட்ஸ் காலால் அழித்தார். மூவரும் வரிசையாக அந்த வழியே வெளியே வந்தார்கள். கதவு திறந்துவிட்டதற்குக் காத்தமுத்து நன்றி சொன்னான்.

எருமையைக் கேட்டதற்கு, "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தால், கொட்டிலில் எருமை நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. மத்தியானமே தானாக வந்துவிட்டதாம்.

"பஸ்ஸை முந்திருச்சே," என்று சீனியப்பன் வியந்தான். ஒச்சப்பனுக்கோ பயம். சர்க்கார் இடத்திலிருந்து சொல்லாமல் ஓடிவந்திருக்கிறது. அந்தக் காவலாளியின் வேலை போய்விட்டால்?

விடிந்ததும் மூவரும் பூங்காவுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார்கள்.

"ஒண்ணும் ஓடல. நல்லா எண்ணிப் பாருங்க," என்றார் காவலாளி.

ஒச்சப்பன் மூன்று தடவை எண்ணினான். ஐந்துதான். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"மாப்ள, நம்மளுது கிளம்பின இடத்துக்கு வேற யாரு எருமையோ வந்துருக்கு."

"ஐயோ பாவம். அவரு எங்க தேடி அலையறாரோ," என்றான் காத்தமுத்து.

அவர் எப்படியும் வருவார், ஆறுதல் சொல்லிவிட்டுப் போகலாம் என்று மூவரும் வாசலிலேயே காத்திருந்தார்கள். சாயங்காலம் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் தனியாக நடைப்பயிற்சிக்கு வந்தார்.

"ஐயா, எருமையைத் தொலைச்சது நீங்களா?" என்று கேட்டான் ஒச்சப்பன்.

அவர் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பதில் பேசாமல் வேகவேகமாக நடந்தார்.

"துக்கத்துல பேச்சே வரலை பாரு," என்றான் ஒச்சப்பன்.

மூவரும் அவரைத் தேற்றுவதற்காகப் பின்னாலேயே ஓடினார்கள்.