சின்னதுகள் முதலில் போகும் காடு

ஒரு காட்டில் வெளியே போவதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. மூன்று பக்கமும் செங்குத்தான மலை. நான்காவது பக்கத்தில் இரண்டு பெரிய பாறைகள் நெருங்கி நின்றன. அவற்றுக்கு நடுவே ஓர் இடுக்கு. ஒரு யானை விலா உரச உரசத்தான் அதில் நுழைய முடியும். இடுக்கைத் தாண்டினால் ஆறு.

போன கோடையில் அந்தக் காட்டில் தீப்பிடித்தது. எல்லா விலங்குகளும் ஒரே நேரத்தில் இடுக்குக்கு ஓடின. வலியவை முட்டி மோதி முன்னால் போயின. எளியவை காலடியில் மிதிபட்டன. இரண்டு கடமான்கள் கொம்போடு கொம்பு மாட்டிக்கொண்டு வழியை அடைத்துவிட்டன. அவை பிரிந்து வழி விடுவதற்குள் பின்னால் நின்ற பல உயிர்கள் தீக்கு இரையாகிவிட்டன.

கருந்திமில் என்னும் காட்டெருமைதான் அன்று எல்லாருக்கும் முதலில் வெளியே வந்தவன். ஆற்றில் இறங்கி நின்ற பிறகே அவன் திரும்பிப் பார்த்தான். அவனுடைய கன்று வரவில்லை. தீ அடங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றான். அது வரவே இல்லை.

அதற்குப் பிறகு யாராவது காய்ந்த சருகை மிதித்தால்கூட அவன் நெஞ்சு திடுக்கிடும்.

மழை பெய்தது. புல் முளைத்தது. விலங்குகள் கூடி, மலையம்மை என்ற முதிய யானையைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தன. அவள் அன்றைக்கே ஒரு சட்டம் போட்டாள்.

"இனிமேல் இந்தக் காட்டில் ஆபத்து என்றால் சின்னதுகள்தான் முதலில் போகவேண்டும். அதைவிடப் பெரியவர்கள் அடுத்து. அதைவிடப் பெரியவர்கள் அதற்கு அடுத்து."

"கடைசியில் யார் போவது?" என்று முயல் கேட்டது.

"நான்தான்."

கழுதைப்புலி சிரித்தது. "தீ துரத்தும்போது யார் பெரியவன், யார் சின்னவன் என்று யார் நின்று அளந்து பார்ப்பார்கள்?"

"அதனால்தான் இப்போதே அளந்துவிடலாம் என்கிறேன்" என்றாள் மலையம்மை.

எட்டு நாளுக்கு ஒரு தடவை, விடிந்ததும் எல்லாரும் இடுக்கின் முன்னால் வரிசையாக நின்று பழகினார்கள். சுண்டெலி முதலில் போகும். அணில், கீரி, முயல் என்று வரிசை நீளும். காட்டுப்பன்றிக்குப் பொறுமை இல்லை. "என் அப்பனும் பாட்டனும் யாருக்காவது நின்றார்களா? ஓர் எலிக்கு நான் வழிவிட வேண்டுமா?" என்று ஒவ்வொரு தடவையும் உறுமும். உறுமிக்கொண்டே நிற்கும்.

மாதங்கள் போயின. யாரும் சொல்லாமலே சில பழக்கங்கள் மாறின. அத்திமரத்தின் கீழே பழம் உதிர்ந்தால் அணில்கள் தின்னும்வரை மான்கள் காத்திருந்தன. ஒற்றையடிப் பாதையில் எதிரே முள்ளம்பன்றி வந்தபோது காட்டுப்பன்றி ஒதுங்கி நின்றது. ஏன் ஒதுங்கினோம் என்று பிறகு அதுவே திகைத்தது.

ஆனால் கருந்திமிலுக்கு மட்டும் பயம் விடவில்லை. ஒருநாள் அவன் தலைவியிடம் போனான்.

"அம்மா, பழகும்போது நன்றாகத்தான் நிற்கிறேன். உண்மையாகவே தீ வந்தால் என் கால்கள் நிற்குமா என்று தெரியவில்லை. போன தடவை அவை நிற்கவில்லை."

மலையம்மை தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். பிறகு, "எனக்கும் தெரியவில்லை" என்றாள்.

"என்னைப் பற்றியா?"

"என் கால்களைப் பற்றி."

அவன் ஆறுதல் தேடி வந்திருந்தான். பயம் இரட்டிப்பாகித் திரும்பிப் போனான்.

மறுபடியும் கோடை வந்தது. ஓடை வற்றியது. மூங்கில்கள் ஒன்றோடு ஒன்று உரசும்போதெல்லாம் கருந்திமில் மேய்வதை நிறுத்திவிட்டு மூக்கைத் தூக்கிப் பார்ப்பான். பத்து தடவை வெறும் காற்று. பதினோராவது தடவை புகை.

"தீ! தீ!" என்று மரத்தின் உச்சியிலிருந்து குரங்கு கத்தியது.

எல்லாரும் இடுக்குக்கு ஓடினார்கள். கருந்திமில் அதன் பக்கத்திலேயே மேய்ந்துகொண்டிருந்ததால் முதலில் வந்து சேர்ந்தவன் அவன்தான். இடுக்கு காலியாக இருந்தது. ஒரே பாய்ச்சலில் அந்தப் பக்கம் போய்விடலாம். ஆனாலும் அவன் ஓரமாக ஒதுங்கினான்.

எலிகள் போயின. அணில்கள் போயின. கீரிகள், முயல்கள், முள்ளம்பன்றிகள். வரிசை கலையவில்லை. அடுத்து மான்குட்டிகள் நின்றன. பெரியவர்கள் பின்னால் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். தீ மூங்கில் காட்டை எட்டிவிட்டது. கணுக்கள் படபடவென்று வெடித்தன.

"தலைவி எங்கே?" என்று யாரோ கேட்டார்கள்.

எல்லாரும் சுற்றிப் பார்த்தார்கள். மலையம்மையைக் காணவில்லை.

இதைத்தான் கழுதைப்புலி எதிர்பார்த்திருந்தது. வரிசை கலைந்தால் அந்தக் கூட்டத்தில் நழுவி முன்னால் போய்விடலாம் என்பது அதன் கணக்கு. "தலைவியா? அவள் காலையிலேயே ஆற்றைத் தாண்டிப் போய்விட்டாளே! நான் பார்த்தேன். சட்டம் போட்டவள் ஓடிவிட்டாள், நாம்தான் இங்கே நின்று வேகப்போகிறோம்!" என்று ஊளையிட்டது.

அவ்வளவுதான். வரிசை குலுங்கியது. "போட்டவளே போய்விட்டாளா? அப்படியென்றால் சட்டமும் போய்விட்டது!" என்று காட்டுப்பன்றி பாய்ந்தது. கடமான்கள் கொம்பைத் தாழ்த்தின. இரண்டு மான்குட்டிகள் கீழே விழுந்தன.

கருந்திமிலின் முன்னங்கால் தானாகவே இடுக்குப் பக்கம் ஓர் அடி வைத்துவிட்டது. தலைவி ஓடியிருப்பாளா? தெரியாது. ஓடியிருக்கலாம். தன் கால்களைப் பற்றித் தனக்கே தெரியாது என்று சொன்னவள்தானே அவள்!

கீழே விழுந்த குட்டி ஒன்று அவனை நிமிர்ந்து பார்த்தது. அவன் ஓர் அடி பின்னால் வைத்தான். பிறகு இடுக்குக்கு முதுகைக் காட்டி, மான்குட்டிகளுக்கும் பெரியவர்களுக்கும் நடுவே குறுக்காக நின்று கொம்பைத் தாழ்த்தினான்.

"நில்லுங்கள்!"

"தலைவியே இல்லையடா!" என்று உறுமியது காட்டுப்பன்றி.

"இல்லாவிட்டால் என்ன? நாம் இருக்கிறோமே! குட்டிகள் இன்னும் இந்தப் பக்கம் இருக்கின்றன. எத்தனை மாதமாகப் பழகினோம், யாருக்காகப் பழகினோம்?"

காட்டுப்பன்றி மூச்சு வாங்கியது. அவனைப் பார்த்தது. தீயைப் பார்த்தது. உறுமிக்கொண்டே இரண்டு அடி பின்வாங்கியது. அது நின்றதும் கடமான்களும் நின்றன.

விழுந்த குட்டிகள் எழுந்து ஓடின. குரங்குகள் போயின. கழுதைப்புலி அவன் காலுக்கு இடையில் நழுவப் பார்த்தது. கொம்பு குறுக்கே வந்தது.

"உனக்கு முன்னால் நரி இருக்கிறது."

நரி போனது.

"இப்போது உன் முறை. போ."

கழுதைப்புலி யார் முகத்தையும் பார்க்காமல் போனது. அடுத்து காட்டுப்பன்றி. அடுத்து கடமான்கள், கொம்பு மாட்டாமல், ஒன்றன்பின் ஒன்றாக. பிறகு மற்றக் காட்டெருமைகள். ஒருவரும் மிதிபடவில்லை. போன கோடையில் முடியாதது இந்தக் கோடையில் எவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது!

கருந்திமில் மட்டும் மிச்சம். முதுகு ரோமம் கருகும் வாடை அவனுக்கே வந்தது. இனி யாருக்காக நிற்பது? இடுக்கை நோக்கித் திரும்பினான்.

அப்போது புகைக்குள்ளிருந்து மலையம்மை வெளியே வந்தாள். அவள் காதோரம் வெந்திருந்தது. துதிக்கையில், உடம்பெல்லாம் செதில் மூடிய ஓர் அழுங்கு பந்து போலச் சுருண்டிருந்தது. அழுங்குக்கு ஓடத் தெரியாது. பயந்தால் இருக்கிற இடத்திலேயே சுருண்டுகொள்ளும். அதைத் தேடித்தான் அவள் காட்டுக்குள் போயிருந்தாள்.

"நீங்கள் போங்கள் அம்மா, சீக்கிரம்!" என்றான் கருந்திமில். "நான் பின்னால் வருகிறேன்."

"அது எப்படி? நீ என்னைவிடச் சின்னவன்" என்றாள் மலையம்மை.

பிறந்தது முதல் அவனை யாரும் சின்னவன் என்று சொன்னதில்லை. அவள் அழுங்கை அவன் முதுகில் வைத்து, துதிக்கையால் அவனை முன்னே தள்ளினாள்.

ஆற்றில் இறங்கியதும் அவன் இடுக்கைப் பார்த்து நின்றான். புகைதான் வந்தது. மறுபடியும் புகைதான் வந்தது. மூன்றாவதாக ஒரு துதிக்கை வந்தது. பிறகு விலாவை உரசிக்கொண்டு மலையம்மை முழுவதுமாக வந்தாள். நேராகத் தண்ணீரில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அக்கரையில் நீர்நாய்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தன. "தீக்குப் பயந்து ஓடிவரும் கூட்டத்தை எத்தனையோ பார்த்திருக்கிறோம். முதலில் பெரியவைதான் வரும். எலி முதலிலும் யானை கடைசியிலும் வந்து இன்றுதான் பார்க்கிறோம். நீங்கள் யார்?" என்று கேட்டன.

முன்பு என்றால், நான் மான், நான் குரங்கு என்று ஆளுக்கு ஒன்று சொல்லியிருப்பார்கள். இப்போது எல்லாரும் தலைவியைப் பார்த்தார்கள். அவள் காதில் தண்ணீரை வாரி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

காட்டுப்பன்றிதான் முன்னால் வந்தது.

"நாங்கள் சின்னதுகளை முதலில் விடுகிறவர்கள்" என்றது.

நீதி: நல்ல தலைவர் போட்ட சட்டத்தை, அவர் கண்ணில் படாதபோதும் மக்கள் காத்து நின்றால், அதுவே அந்த நாட்டின் குணமாகிவிடும்.