அலங்கு கேட்ட வாய்க்கால்

ஒரு மலைச்சரிவுக் காட்டில் மானும் முயலும் காட்டுப்பன்றியும், உடம்பெல்லாம் செதில் மூடிய எறும்புத்தின்னியான அலங்கும் வாழ்ந்து வந்தன. எல்லோரும் தண்ணீர் குடித்தது மலை உச்சியில் இருந்த ஏரியில். அந்த ஏரி காட்டெருமைகளின் வசம் இருந்தது.

“தாராளமாகக் குடியுங்கள்!” என்றது தலைவன் எருமை. விலங்குகள் ஏரியையே நம்பின. சரிவில் இருந்த பழைய ஊற்றுகள் தூர்ந்து போயின.

அலங்குக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. அது சரிவில் ஓர் ஆழமான குழி தோண்டியது. அடியில் நல்ல தண்ணீர் ஊறியது. ஆனால் வாய் குறுகல். பெரிய விலங்குகள் இறங்க முடியாது. சற்றுக் கீழே பன்றி அகலமாக ஒரு பள்ளம் பறித்தது. அது கோடையில் வற்றிவிடும். முயலோ மண்ணுக்குள் நீளமாக வளை தோண்டியது. அதில் ஈரம் மட்டுமே இருந்தது.

“என் குழியை யாரும் வந்து பார்க்கலாம். தப்பு இருந்தால் திருத்தலாம்” என்றது அலங்கு. “பன்றி அண்ணே, முயல் தம்பி! மூன்றையும் ஒரு வாய்க்காலால் சேர்ப்போமா? அப்புறம் நாம் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்!”

“சேர்த்தால் அது யாருடைய ஊற்று? என் பேர் போய்விடுமே!” என்றது பன்றி.

“அண்ணன் பள்ளம் ஒரே சேறு. அதில் என் வளையைச் சேர்க்கமாட்டேன்!” என்றது முயல்.

“ஏரி இருக்கும்போது உங்களுக்கு ஏன் இந்த வேலை?” என்று மான் சிரித்தது.

அந்தக் கோடையில் ஏரி நீர் குறைந்தது. எருமைகள் பாதையை மறித்து நின்றன.

“ஐயா, என் குட்டிக்கு ஒரு வாயாவது கொடுங்கள்!” என்று மான் கெஞ்சியது.

“இது எங்கள் ஏரி. திறப்பதும் மூடுவதும் எங்கள் இஷ்டம்!” என்றது தலைவன் எருமை.

மான் தன் குட்டியை அலங்கின் குழிக்கு நடத்தி வந்தது. குட்டிக்கு எட்டவில்லை. அது விளிம்பிலேயே கால் மடங்கி விழுந்தது.

“பன்றி அண்ணே, குழியின் வாயை அகலப்படுத்த வாருங்கள்!” என்று அலங்கு கூப்பிட்டது.

“முதலில் முயல் மன்னிப்புக் கேட்கட்டும்!”

“நானா? எதற்கு?”

இரண்டும் சண்டை போட்டுக்கொண்டே இருந்தன. அலங்கு குட்டியைப் பார்த்தது. தனியாகக் குழிக்குள் இறங்கி, உள்ளிருந்தே மண்ணைப் பறிக்கத் தொடங்கியது.

திடீரென்று குழியின் வாய் சரிந்து மூடிக்கொண்டது!

“ஐயோ! அலங்கு உள்ளே இருக்கிறதே!” என்று மான் அலறியது.

சண்டை நின்றது. மேலிருந்து தோண்டினால் மண் இன்னும் சரியும். முயல் பன்றியின் பள்ளத்தில் குதித்து, அலங்கின் குழியை நோக்கிப் பக்கவாட்டில் வளை தோண்டியது. பின்னாலேயே பன்றி அதை அகலமாக்கியது. யாருடைய வளை, யாருடைய பள்ளம் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. பொழுது சாயும்வரை தோண்டின.

கடைசியில் மண் உடைந்தது. தண்ணீர் குபுகுபுவென்று வந்து அகலமான பள்ளத்தில் நிறைந்தது. மான்குட்டி வயிறு நிறையக் குடித்து எழுந்து நின்றது.

அந்தத் தண்ணீரோடு அலங்கும் உருண்டு வந்தது. பந்து போலச் சுருண்டிருந்தது. பன்றி மெல்ல மூக்கால் தொட்டது. அது விரியவில்லை.

“அரை நாள் வேலைதான், அண்ணே!” என்று முயல் தேம்பியது. “இது கேட்டது இந்த வாய்க்காலைத்தானே!”

அன்று இரவு முழுக்கப் பன்றி அந்தத் தண்ணீரில் வாய் வைக்கவில்லை.

மழை பெய்த பிறகு எருமைகள் பாதையைத் திறந்தன. சரிவிலிருந்து ஒருவரும் மேலே போகவில்லை.

பிறர் தயவில் வாழ வேண்டாம் என்று நினைப்பவர்கள், நேசித்த ஒருவரை இழப்பதற்கு முன்பே கைகோத்து உழைக்க வேண்டும்.